சிறுநீர் கறுத்தால் ஆஸ்பத்திரிக்கு, பேப்பர் அப்புறம்

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

வெயிலில் வேலை செய்கிறவர்களின் தசை சிதைந்து, அது கிட்னியில் போய் முடிவதைப் பற்றிச் சென்ற இதழில் கொஞ்சம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கடலூர், பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, பண்ருட்டிப் பக்கத்துப் பெண்களுடையவை. வெளிநாட்டில் இருக்கும் கணவருக்காக, மகனுக்காக எழுதியிருக்கிறார்கள். அதிலும் பலருடைய ஆட்கள் விசா முடிந்து, பாஸ்போர்ட் கையில் இல்லாமல், போலீஸ் கண்ணில் படாமல் வேலை செய்துகொண்டிருக்கிறவர்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே. பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் கணவர் சவுதியில் கட்டட வேலை செய்கிறார். மாதக்கணக்கில் சம்பளம் வராததால் கஃபீலை (விசா கொடுத்த முதலாளியை) விட்டு வெளியே வந்து வேறு ஒருவரிடம் தினக்கூலிக்குப் போகிறார். கஃபீல் ஹுரூப் (ஓடிப்போனதாகப் புகார்) கொடுத்துவிட்டார், இக்காமாவும் (அங்கே தங்கும் அனுமதி) முடிந்துவிட்டது. மொட்டை வெயிலில் கான்கிரீட் போட்டதிலிருந்து தொடை இரண்டும் தொட முடியாத வலி, சிறுநீர் பால் இல்லாத சுலைமானி டீ நிறத்தில் போகிறது என்கிறார். ரூமில் உள்ளவர்கள் வலி மாத்திரை கொடுக்கிறார்கள். என் மாமியார் இது மஞ்சள் காமாலை, கீழாநெல்லி கொடுத்தனுப்பலாம் என்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். என்ன செய்வது டாக்டரம்மா? (வாசகி, பரங்கிப்பேட்டை)

பதில்: சகோதரி, பத்திரிகை அச்சாகும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை என்பதால் உங்களுக்கு அன்றைக்கே போனில் சொல்லிவிட்டேன். அவர் மறுநாள் காலையில் போய் அட்மிட் ஆனதாக நீங்கள் செய்தி அனுப்பிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இங்கே எழுதுவது இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக.

இதற்கு மருத்துவத்தில் ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். தசைச் சிதைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடுமையான சூட்டில், தண்ணீர் போதாமல், உடம்பு தாங்குகிற அளவுக்கு மேல் வேலை செய்யும்போது தசையின் செல்கள் உடைந்துபோகின்றன. உடைந்தால் உள்ளே இருந்தது எல்லாம் ரத்தத்தில் கொட்டும். அதில் மயோகுளோபின் என்கிற புரதம்தான் சிறுநீரைக் கறுக்க வைக்கிறது, அதுவே கிட்னியின் நுண்ணிய குழாய்களை அடைத்துக் கெடுக்கவும் செய்கிறது. ஏற்கெனவே தண்ணீர் வற்றிப்போன உடம்பில் கிட்னிக்குப் போகிற ரத்தமும் குறைந்திருக்கும் என்பதால் சேதம் இரட்டிப்பாகும். கூடவே வெளியே வருவது பொட்டாசியம். நம் உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் பெரும்பகுதி தசைக்குள்ளேதான் இருக்கிறது. அது மொத்தமாக ரத்தத்தில் கலந்து, வெளியேற்ற வேண்டிய கிட்னியும் நின்றுபோனால், இதயம் தாளம் தப்பி நின்றுவிடும். கிட்னி போனால் டயாலிசிஸ் இருக்கிறது. இதயம் நின்றுபோனால் அதுகூட இல்லை, அதற்கு முன்னால் வலியைத் தவிர பெரிய அறிகுறி எதுவும் இல்லாமலேகூட அது நடக்கலாம். ரூமில் படுத்திருக்கிற ஆளுக்கு நான் பயப்படுவது இதற்குத்தான்.

வலி மாத்திரையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டைக்ளோபினாக், புரூஃபென் போன்றவை கிட்னிக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைக்கும். நன்றாக இருக்கிற ஆள் தண்ணீர் குடித்துக்கொண்டு எப்போதோ ஒன்று போட்டால் பரவாயில்லை, ஆனால் தசை சிதைந்து தண்ணீர் வற்றியவர் வேளைக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டு மறுபடி வேலைக்கும் போனால் கிட்னியைத் தன் கையாலேயே கெடுத்துக்கொள்கிறார் என்றுதான் அர்த்தம். பர்ஸில் நாலு மாத்திரை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற வழக்கம் வெளிநாட்டு லேபர் கேம்ப்பிலும் இருக்கிறது, நம் ஊர் கட்டட வேலையிலும் இருக்கிறது. அதைத் தைரியம் என்று யாரும் பாராட்ட வேண்டாம்.

உங்கள் மாமியார் சொன்னதில் தப்பில்லை, சிறுநீர் கறுத்தால் நம் ஊரில் முதலில் நினைப்பது காமாலையைத்தான். ஆனால் கண் வெள்ளை மஞ்சளாகாமல், வெயிலில் பாடுபட்ட அன்றைக்கோ மறுநாளோ தசை வலியோடு சிறுநீர் கறுத்தால் அது வேறு கதை. பத்தியமும் கீழாநெல்லியும் என்று அந்த இரண்டு நாளை விட்டால் திரும்பக் கிடைக்காது.

சரி, பிடித்துக் கொடுப்பார்களா? பயம் நியாயமானது, அதை இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. பேப்பர், அதாவது விசா, பெர்மிட் போன்ற ஆவணம், இல்லாதவருக்கு அபராதம், காவல், நாடு கடத்தல் எல்லாம் வரலாம். ஆனால் அதற்கெல்லாம் வழி தேட நாள் இருக்கிறது, தூதரகம் இருக்கிறது, அவ்வப்போது பொதுமன்னிப்பும் வருகிறது. 2024-ல் குவைத்தும் ஐக்கிய அரபு அமீரகமும் அப்படி அறிவித்தன. பொட்டாசியத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. ரியாத்தில் இந்தியத் தூதரகம், ஜித்தாவில் துணைத் தூதரகம் இருக்கின்றன. இந்திய சமூக நல நிதி என்று 2009 முதல் ஒரு நிதி நடக்கிறது. வெளிநாட்டில் வழியில்லாமல் தவிக்கும் இந்தியருடைய அவசர சிகிச்சை, ஊர் திரும்ப டிக்கெட், தன் தப்பு இல்லாமல் விசா முடிந்துபோனவரின் அபராதம் போன்றவற்றுக்கு, அவருடைய நிலைமையைப் பார்த்து அதிலிருந்து உதவி செய்வார்கள். ஒருவர் அவரை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போகட்டும், அதே நேரத்தில் இன்னொருவர் தூதரகத்துக்குப் பேசட்டும். நீங்கள் இங்கே அவருடைய பாஸ்போர்ட் நகலைத் தேடி எடுத்து வையுங்கள். சம்பளம் தராத முதலாளிதான் அவரை ஓடிப்போனவராக எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சவுதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை நேர் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அமீரகத்தில் அதே மாதங்களில் 12.30 முதல் 3 வரை, கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10-லிருந்து 3.30 வரை. பேப்பர் இல்லாத ஆள் இந்த விதியைக் காட்டி நிற்க முடியுமா? புகார் கொடுக்கப் போனால் முதலில் மாட்டுவது அவர்தான் என்று மேஸ்திரிக்கு நன்றாகத் தெரியும். வெயில் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் நிழலில் உட்காரும் உரிமை பேப்பர் உள்ளவருக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. எனக்கு இதில் தாங்க முடியாத கோபம்.

கேள்வி: இப்படி சிறுநீர் கறுத்தால் இளநீர் நிறையக் குடித்தால் சரியாகிவிடாதா? (வாசகர், பண்ருட்டி)

பதில்: ஆகாது, குடிக்கவும் கூடாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். வெயிலில் களைத்த ஆரோக்கியமான ஆளுக்கு அது நல்லது. தசை சிதைந்து சிறுநீர் குறைந்தவருக்கு அதே இளநீர் ஆபத்து, வாழைப்பழமும் அப்படித்தான். வெறும் தண்ணீரைக் குடித்தபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். வாந்தி வந்தாலோ மயக்கம் வந்தாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகனை அமெரிக்காவுக்கு அனுப்புவதாக ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். முதலில் வேறு நாடுகளுக்குப் போய், அங்கிருந்து மெக்ஸிகோ, கடைசியில் கொஞ்ச தூரம் நடை என்கிறார். நிலத்தை விற்கச் சொல்கிறார். உடம்புக்கு ஆபத்து உண்டா என்று மட்டும் கேட்கிறேன் அம்மா. (வாசகி, நெல்லிக்குப்பம்)

பதில்: உண்டு அம்மா. நிலத்தை விற்காதீர்கள்.

அந்தக் ‘கொஞ்ச தூரம் நடை’ எங்கே என்று ஏஜெண்டைக் கேளுங்கள். பெரும்பாலும் அது அமெரிக்காவின் அரிசோனா மாநிலமும் மெக்ஸிகோவும் சேரும் சொனோரா பாலைவனமாக இருக்கும், இல்லையென்றால் டெக்சாஸ் பக்கத்துப் புதர்க்காடு. 1994-ல் அமெரிக்க எல்லைக் காவல் படை ஊர்களை ஒட்டிய எளிதான வழிகளை அடைத்துக் காவலைக் குவித்தது. பாலைவனத்தைப் பார்த்துப் பயந்து வராமல் நின்றுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். ஆட்கள் நிற்கவில்லை, பாலைவனத்துக்குள் போனார்கள். அதற்குப் பிறகு அங்கே செத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

கோடையில் அங்கே 40 டிகிரிக்கு மேல் போவது சாதாரணம். அந்தச் சூட்டில் நாள் முழுக்க நடக்கிறவருக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் தண்ணீர்கூடத் தேவைப்படலாம். ஒரு லிட்டர் ஒரு கிலோ. மூன்று நாள் நடை என்றால் முப்பது கிலோ தண்ணீரை உங்கள் மகன் முதுகில் தூக்க வேண்டும், அதைத் தூக்கி நடப்பதற்கே இன்னும் தண்ணீர் வேண்டும். யாராலும் முடியாது. அதனால் ஆளுக்கு இரண்டு கேன் கொடுத்துக் கூட்டிப்போவார்கள், அது முதல் நாளே தீர்ந்துவிடும். இரவில் நடை, பகலில் முள்ளுக்கு அடியில் ஒளிந்து கிடப்பது, கால் பிசகினால் கூட்டம் நிற்காது. தசை சிதைவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அந்த நடையில் இருக்கிறது: சூடு, தாகம், ஓயாத நடை, தூக்கமின்மை, சாப்பாடு இல்லாமை. எல்லையோர ஊர்களில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு இப்படிக் கிட்னி நின்றுபோய் வருகிறவர்களைப் பார்ப்பது பழகிப்போன விஷயம்.

தப்பிப் பிழைத்து ஆஸ்பத்திரி சேர்ந்தால்? அமெரிக்காவில் 1986-ல் வந்த சட்டப்படி, அவசரப் பிரிவுக்கு வந்தவரிடம் குடியுரிமை, பணம் எதுவும் பார்க்காமல் பரிசோதித்து உயிராபத்து நீங்கும்வரை சிகிச்சை தர வேண்டும். அது பெரிய விஷயம்தான். ஆனால் கிட்னி திரும்பாமல் நிரந்தர டயாலிசிஸ் தேவைப்பட்டால் கதை மாறிவிடும். அங்கே பல மாநிலங்களில் பேப்பர் இல்லாதவருக்கு வாரம் மூன்று முறை ஒழுங்கான டயாலிசிஸ் கிடைப்பதில்லை. மூச்சு முட்டி, பொட்டாசியம் உயிரை எடுக்கிற அளவுக்கு ஏறிய பிறகு அவசரப் பிரிவுக்குப் போனால்தான் செய்வார்கள். செய்து அனுப்பிவிட்டு, அடுத்து மறுபடி மூச்சு முட்டும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். கொலராடோ மாநிலம் இதை 2019-ல் மாற்றியது, ஏனென்றால் அப்படிக் காத்திருந்தவர்கள் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்துப்போனது ஆய்வில் தெரிந்தது. பதினெட்டு வயதுப் பையனுக்கு இதையா வாங்கிக் கொடுக்கப் போகிறீர்கள்?

2025 பிப்ரவரி 5-ம் தேதி அமெரிக்க ராணுவ விமானத்தில் 104 இந்தியர்களைக் கைவிலங்கு போட்டு அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கினார்களே, அவர்களில் பலரும் இந்த மாதிரி ஏஜெண்டை நம்பி நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் போனவர்கள்தான். உங்கள் மகனை என்னிடம் பேசச் சொல்லுங்கள், கோபப்படாமல் பேசுகிறேன்.

கேள்வி: நான் நர்சிங் மாணவி. கேஷுவால்டியில் இப்படி ஒருவர் வந்தால் லேப் ரிசல்ட் வருவதற்கு முன்பே எப்படிச் சந்தேகப்படுவது? (வாசகி, புதுச்சேரி)

பதில்: நல்ல கேள்வி மகளே. முதலில் வேலை என்ன, எங்கே, எத்தனை மணி நேரம் வெயிலில் என்று கேள். விலாசத்தையும் அடையாள அட்டையையும் கேட்டு ஆரம்பித்தால் பயந்தவர் பாதியில் எழுந்து போய்விடுவார்.

அப்புறம் ஒரு சின்ன கப்பில் சிறுநீர் வாங்கு. சிறுநீரைச் சோதிக்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை முக்கி எடுத்து, அட்டையில் போட்டிருக்கிற நேரம்வரை பொறு. ரத்தத்துக்கான கட்டம் மஞ்சளிலிருந்து மெதுவாகப் பச்சையாகி, கரும்பச்சையாகவே ஆகிவிடும். ரத்தம் போகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதே சிறுநீரைச் சுழற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் சிவப்பணு ஒன்றோ இரண்டோதான் தெரியும், சில நேரம் ஒன்றுகூட இருக்காது. குச்சி ரத்தம் என்கிறது, கண்ணுக்கு ரத்தம் இல்லை. அப்போது அது மயோகுளோபினாக இருக்கலாம் என்று உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஈசிஜி எடுப்பதற்கு யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்காதே. பொட்டாசியம் ஏறியிருந்தால் டி அலை கூராக உயர்ந்து நிற்பது அதிலேயே தெரியலாம்.

டிப்ஸ்டிக் நெகட்டிவ் என்றால் நிம்மதி என்று விட்டுவிடவும் கூடாது, மயோகுளோபின் சீக்கிரமே வெளியேறிவிடும். சிபிகே, அதாவது தசை உடைந்தால் ரத்தத்தில் ஏறும் என்சைம், பார்க்கச் சொல். அது சாதாரணமாக 200 பக்கம் இருக்கும், 1000 தாண்டினால் தசைச் சிதைவு என்று எடுத்துக்கொள்கிறோம், 5000-க்கு மேல் கிட்னிக்கு ஆபத்து கூடுகிறது. லட்சத்தைத் தாண்டுகிறவர்களும் உண்டு. முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் நாளில் ஏறலாம் என்பதால் ஒரு தடவை பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கல்லீரலுக்காகப் பார்க்கிற எஸ்ஜிஓடி என்ற என்சைம் தசையிலும் இருப்பதால் அதுவும் ஏறும், அதை வைத்துக் கல்லீரல் என்று வழி தவறுகிறவர்கள் படித்தவர்களிலும் இருக்கிறார்கள். சலைன் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. மணிக்கு 200 முதல் 300 மில்லி சிறுநீர் வருகிற அளவுக்கு ஏற்ற வேண்டியிருக்கும். அந்த அளவை மணிக்கு மணி குறித்து வைப்பது உன் வேலை, அதை இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று விடாதே. நோயாளி மூச்சு வாங்கினால் உடனே சொல்.

கேள்வி: கடலூர் சிப்காட் பக்கம் காண்ட்ராக்ட்டில் ஆள் வைத்து வேலை வாங்குகிறேன். வடக்கிலிருந்து வருகிற பையன்கள் வந்த முதல் வாரத்திலேயே தசை பிடித்து விழுகிறார்கள். சிலரிடம் ஆதார்கூடக் கையில் இல்லை, ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார்கள். (வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: கேட்டதற்கு நன்றி, பல காண்ட்ராக்டர்கள் கேட்பதுகூட இல்லை. முதல் வாரம்தான் ஆபத்தான வாரம். வியர்க்கவும் உப்பைக் காத்துக்கொள்ளவும் உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். புது ஆளுக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கொடுங்கள், தினம் அதே அளவு கூட்டிக்கொண்டே போங்கள். ரயிலில் உட்கார இடமில்லாமல் இரண்டு மூன்று நாள் பயணம் செய்து வந்தவனை இறங்கிய அன்றைக்கே மூட்டை தூக்க விடாதீர்கள். வெயிலில் கால் மணிக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒரு டம்ளர் தண்ணீர், நிழல், நீண்ட வேலை என்றால் ஓஆர்எஸ். கழிப்பறையும் வேண்டும். மரக்காணம் உப்பளம் போல மறைவே இல்லாத இடங்களில் பெண்கள் சிறுநீர் கழிக்க ஒதுங்க முடியாது என்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். குடிக்கவில்லையே என்று அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆதார் இல்லாவிட்டாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். அவசரத்தில் வந்தவரைக் காப்பாற்றுவது ஒவ்வொரு மருத்துவரின் கடமை, அதற்கு எந்தச் சம்பிரதாயமும் குறுக்கே நிற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அவர்கள் நம் நாட்டுக் குடிமக்கள், நம் ஊரில் ஒளிந்து வாழ வேண்டியவர்கள் இல்லை. வர மறுப்பது பெரும்பாலும் அன்றைய கூலி போய்விடும் என்றுதான். கூலியைப் பிடிக்க மாட்டேன் என்று நீங்கள் வாயால் சொல்லிவிட்டால் வந்துவிடுவார்கள்.

கேள்வி: மலேசியாவில் பெர்மிட் இல்லாமல் இருந்தேன். எல்லையிலிருந்து சரக்கு லாரியில் அடியில் மடங்கி உட்கார்ந்தபடி ஒரு இரவு முழுக்கக் கூட்டிப்போனார்கள். இறங்கும்போது கால் மரத்து வீங்கியிருந்தது, சிறுநீரும் கறுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இப்போது ஊருக்கு வந்துவிட்டேன். இடது பாதத்தைத் தூக்க முடியவில்லை, கிரியாட்டினின் 1.8 என்கிறார்கள். (வாசகர், லால்பேட்டை)

பதில்: தம்பி, உங்கள் தசை சிதைந்தது வேலையால் இல்லை, அழுத்தத்தால். 1941-ல் லண்டனில் குண்டுவீச்சில் இடிந்த வீடுகளுக்கு அடியில் கால் சிக்கியவர்கள் வெளியே எடுத்த பிறகு நன்றாக இருந்து, சில நாளில் கிட்னி நின்று இறந்ததைப் பைவாட்டர்ஸ், பீல் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். அசையாமல் மடங்கிக் கிடந்த காலுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. தசை வீங்கி, அதைச் சுற்றியுள்ள உறை விரியாமல் நரம்பையும் ரத்தக்குழாயையும் நெரிக்கிறது. சில மணி நேரத்துக்குள் உறையைக் கீறிவிட்டிருந்தால் பாதம் பிழைத்திருக்கலாம். மலேசியாவில் பேப்பர் இல்லாதவர் வந்தால் காவல்துறைக்கோ குடிவரவுத் துறைக்கோ தகவல் சொல்ல வேண்டும் என்று அரசு ஆஸ்பத்திரிகளுக்கு 2001-லிருந்தே சுற்றறிக்கை இருக்கிறது. நீங்கள் போகாததற்கு உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சுற்றறிக்கையைத்தான் குறை சொல்வேன்.

இப்போது செய்ய வேண்டியது இருக்கிறது. கிரியாட்டினின் என்பது கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு. 1.8 ஆண்களுக்கு அதிகம், ஆனால் கிட்னி போய்விட்டது என்று அர்த்தமில்லை, இன்னும் இறங்கலாம். ரத்தமும் சிறுநீர்ப் புரதமும் இந்த மாதம் ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை பாருங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் இறங்காவிட்டால் அது நாள்பட்ட கிட்னி நோய், கிட்னி டாக்டரின் மேற்பார்வையில் இருக்க வேண்டும். ரத்த அழுத்தமும் பாருங்கள். மெடிக்கலில் நீங்களாக வலி மாத்திரை வாங்காதீர்கள், நாட்டு மருந்துப் பொடி எதுவும் வேண்டாம். பாதத்துக்கு நரம்புப் பரிசோதனை செய்து, பிசியோதெரபியும் பாதம் தொங்காமல் பிடிக்கிற பட்டையும் இப்போதே தொடங்க வேண்டும், தள்ளிப்போட்டால் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநார் இறுகிவிடும். சிதம்பரத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம், அங்கே போகலாம், இல்லையென்றால் ஜிப்மர். போகும்போது லாரி விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் முதுகெலும்பு ஸ்கேன், சர்க்கரை என்று தேடிக்கொண்டே இருப்பார்கள். இங்கே உங்களை யாரும் பிடித்துக் கொடுக்கப் போவதில்லை. முதல் தடவை எடுத்த ரத்த ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.